கவர்னருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனின் கையை விட்டுப் போன கதை

1774 செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 40 மைல் தள்ளி வூஸ்டர் என்றொரு சிற்றூர். அன்று அங்கே மாவட்ட நீதிமன்றம் கூட வேண்டும். ஆனால் காலையிலிருந்தே சுற்றுவட்டாரத்தின் 37 ஊர்களிலிருந்து விவசாயிகள் வந்து குவிந்துவிட்டார்கள். ஊர் ஊராக, ஊர்ப்படை அணிகளாக வந்தவர்கள் மட்டும் 4,600 பேருக்கு மேல். அந்த மாவட்டத்தின் வயதுவந்த ஆண்களில் ஏறக்குறைய பாதி.

நீதிபதிகளும் நீதிமன்ற அலுவலர்களும் பக்கத்துச் சத்திரத்தில் முடங்கிக் கிடந்தார்கள். வெளியே பிரதான வீதியின் இருபுறமும் ஊர்ப்படையினர் வரிசை கட்டி நின்றார்கள். அப்புறம் நடந்ததுதான் விசேஷம். இருபதுக்கும் மேற்பட்ட அந்தப் பெரிய மனிதர்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்து போனார்கள். லண்டன் போட்ட புதிய சட்டப்படி அலுவல் பார்க்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்ததை வாயால் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். கடைசி ஆள் காதிலும் விழ வேண்டும் என்பதால், ஒரு முறை சொன்னால் போதாது. சுமார் 30 தடவை சொன்னார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒருவருக்கும் அடி விழவில்லை. அன்றைக்குப் பிறகு வூஸ்டர் மாவட்டத்தில் பிரிட்டிஷ் அரசின் அதிகாரம் திரும்பி வரவே இல்லை.

பள்ளிப் பாடத்தில் அமெரிக்கப் புரட்சியின் முதல் குண்டு வெடித்த இடமாக லெக்சிங்டனைச் சொல்வார்கள். அதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. என் கணக்கில், அந்தக் குண்டு வெடிப்பதற்கு முன்பே பிரிட்டன் மாசசூசெட்ஸை இழந்துவிட்டது. எதனால் இழந்தது, அதன் பிறகு எட்டு வருடம் போரிட்டும் ஏன் மீட்க முடியவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

வரி மட்டும்தானா?

'பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை' என்ற முழக்கத்தை எல்லோரும் கேட்டிருப்போம். அதைக் கேட்டால், வரிச்சுமை தாங்காமல் மக்கள் பொங்கி எழுந்தார்கள் என்று தோன்றும். உண்மையில் பிரிட்டிஷ் பேரரசிலேயே மிகக் குறைவாக வரி கட்டியவர்களில் இந்த அமெரிக்கக் குடியேறிகளும் அடக்கம். இங்கிலாந்தில் இருந்த சாதாரண ஆள் இவர்களைவிடப் பல மடங்கு கட்டிக்கொண்டிருந்தான். நிலம் தாராளம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அப்படியானால் எதற்கு இந்தக் கோபம்?

விடை, கவர்னரின் சம்பளத்தில் இருக்கிறது.

வட அமெரிக்காவில் பிரிட்டனுக்கு இருந்த 13 குடியேற்றங்களிலும் மக்கள் தேர்ந்தெடுத்த பேரவை இருந்தது. வர்ஜீனியாவில் அது 1619-லேயே தொடங்கிவிட்டது. நிலம் வைத்திருந்த வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான் ஓட்டு என்றாலும், அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் அதிகம். கனெக்டிகட், ரோட் ஐலண்டு இரண்டிலும் கவர்னரையே அவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலான மற்ற இடங்களில் மன்னர் கவர்னரை அனுப்புவார். ஆனால் அவருக்கு வருடாவருடம் சம்பளத்தை ஒதுக்குவது உள்ளூர்ப் பேரவை. லண்டன் உத்தரவை அப்படியே நிறைவேற்ற நினைக்கும் கவர்னருக்கு அந்த வருடச் சம்பளம் இழுபறியாகும். அனுசரித்துப் போகிறவருக்குக் காலத்தில் வந்து சேரும். பெயருக்கு மன்னராட்சி, கல்லாப்பெட்டிச் சாவி உள்ளூர்க்காரன் இடுப்பில். லண்டனுக்கும் இது தெரியும். வியாபாரம் நடந்து லாபம் வந்துகொண்டிருந்ததால் நூறு வருடத்துக்கு மேல் கண்டும் காணாமலும் இருந்தார்கள்.

1763-ல் அந்தக் கண்மூடல் முடிவுக்கு வந்தது. பிரான்ஸுடன் நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் ஜெயித்தது, கனடா கைக்கு வந்தது. கூடவே அரசின் கடன் ஏறக்குறைய இரட்டிப்பானது. அமெரிக்காவில் சுமார் 10,000 சிப்பாய்களை நிறுத்தி வைக்கத் திட்டம் போட்டார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை அங்கிருப்பவர்களே கொடுக்கட்டும் என்றது லண்டன். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. அதே வருடம் அக்டோபரில் அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று மன்னரின் அறிவிப்பும் வந்தது. பூர்வகுடிகளுடன் மறுபடி சண்டை வேண்டாம் என்பது அதன் நோக்கம். ஆனால் மேற்கே நிலம் வாங்கிப் போடக் காத்திருந்த வர்ஜீனியா பணக்காரர்களுக்கு அது வயிற்றில் அடித்த மாதிரி. அவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர்.

தும்பை விட்டு வாலைப் பிடித்தது

1765-ல் முத்திரைச் சட்டம் வந்தது. நம்மூர் முத்திரைத் தாளைப் போலத்தான்: நீதிமன்றப் பத்திரம், உரிமம், செய்தித்தாள், பஞ்சாங்கம், சீட்டுக்கட்டு என எல்லாவற்றிலும் அரசு முத்திரை இருக்க வேண்டும். இங்கிலாந்தில் இது பழைய வரி, யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் இது யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். வக்கீல், பத்திரிகை அச்சடிப்பவர், சத்திரக்காரர். ஊரில் பேசத் தெரிந்தவன், எழுதத் தெரிந்தவன், நாலு பேர் கூட இடம் வைத்திருப்பவன் ஆகிய மூவரையும் ஒரே சட்டத்தில் சீண்டிய வரி சரித்திரத்தில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

1765 ஆகஸ்டில் பாஸ்டனில் முத்திரை விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி மரத்தில் தொங்கியது. 12 நாள் கழித்துத் துணை கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் மாளிகையைக் கும்பல் சூறையாடியது. நவம்பர் 1-ல் சட்டம் அமலுக்கு வந்தபோது முத்திரை விற்க ஆளே இல்லை. ஜார்ஜியாவில் மட்டும் கொஞ்சம் விற்றது. ஏற்றுமதி படுத்துப்போன லண்டன் வியாபாரிகளே நாடாளுமன்றத்தில் முறையிட, 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: குடியேற்றங்களை எல்லா விஷயத்திலும் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டு. காசை விட்டுவிட்டுக் கொள்கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த பத்து வருடமும் பிரிட்டன் செய்தது இதைத்தான்.

1767-ல் நிதியமைச்சர் சார்ல்ஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதித் தீர்வை போட்டார். தொகை சொற்பம். அது எங்கே போகும் என்பதுதான் விஷயம். கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் இனி அந்த வருமானத்திலிருந்து சம்பளம் தரலாம் என்று சட்டம் சொன்னது. குடியேறிகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சாவி கைமாறுகிறது. நம் காசில் சம்பளம் வாங்காத கவர்னருக்கு நம் பேச்சு எதற்கு? தாங்களே போடாத வரியை ஒரு முறை கட்டிவிட்டால், பிறகு தங்கள் பேரவை வெறும் பஜனை மடம்தான் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்தார்கள். 1768-ல் பாஸ்டனுக்குப் பட்டாளம் வந்தது. 1770 மார்ச் 5 இரவு சிப்பாய்கள் கூட்டத்தின் மேல் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட முன்வந்தவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். ஆறு பேர் விடுதலையானார்கள், இரண்டு பேருக்குக் கட்டைவிரலில் சூடு. தங்கள் நீதிமன்றத்தின் மீது இந்த மக்களுக்கு எவ்வளவு அபிமானம் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே 1770-ல் மற்றத் தீர்வைகளை எடுத்துவிட்டு, தேயிலைக்கு மட்டும் ராத்தலுக்கு (சுமார் 450 கிராம்) 3 பென்ஸ் வைத்துக்கொண்டது லண்டன். உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டுவதற்கு.

விலை குறைந்த தேயிலை

1773-க்கு வருவோம். நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாத்திரம் இங்கே வருகிறது: கிழக்கிந்தியக் கம்பெனி. லண்டன் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை விற்காமல் தேங்கியிருந்தது. கம்பெனி திவாலாகும் நிலை. அதைத் தூக்கி நிறுத்த, இங்கிலாந்துத் தீர்வை இல்லாமல் நேரே அமெரிக்காவுக்கு அனுப்பி, தானே நியமித்த முகவர்கள் மூலம் விற்கலாம் என்று மே மாதம் சலுகை தந்தார்கள். (இது அசாம், நீலகிரித் தேயிலை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது. எல்லாம் சீனச் சரக்கு.)

இதனால் தேயிலை விலை குறைந்தது. அதுவரை டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வந்ததைவிட மலிவாகக் கிடைக்கும். வாங்கியிருந்தால் லாபம், ஆனால் அந்த 3 பென்ஸையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கடத்தல் வியாபாரிகளின் சுயநலமும் இதில் கலந்திருந்தது, மறைப்பதற்கில்லை. பாஸ்டனில் நியமிக்கப்பட்ட முகவர்களில் இரண்டு பேர் கவர்னரின் மகன்கள். யார் அந்தக் கவர்னர்? வீடு சூறையாடப்பட்ட அதே ஹட்சின்சன். 1770 வங்காளப் பஞ்சத்தில் கம்பெனி நடந்துகொண்ட விதத்தைக் காட்டி, நாளை நம் கதியும் இதுதான் என்று அமெரிக்கத் துண்டுப் பிரசுரங்கள் எச்சரித்தன.

டார்ட்மவுத் கப்பல் நவம்பர் 28-ல் பாஸ்டன் வந்தது. 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யும். சரக்கை இறக்கக் கூடாது என்கிறார்கள் ஊர் மக்கள். தீர்வை கட்டாமல் கப்பல் திரும்பக் கூடாது என்கிறார் கவர்னர். கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், டிசம்பர் 16 இரவு, மொஹாக் பூர்வகுடிகளைப் போல வேஷம் போட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். 92,000 ராத்தலுக்கு மேல். ஆனால் கப்பலில் வேறெதையும் தொடவில்லை. தற்செயலாக உடைந்த ஒரு பூட்டுக்குப் பதில் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தார்கள். கோட்டுக்குள் தேயிலையை அடைத்துக்கொண்ட ஒருவனைப் பிடித்து உதைத்து விரட்டினார்கள்.

லண்டன் பொறுமை இழந்தது இயல்புதான். ஆனால் தண்டித்தது பாஸ்டனை மட்டும் அல்ல. 1774-ல் துறைமுகத்தை மூடியதோடு, மாசசூசெட்ஸின் ஆட்சிமுறையையே மாற்றினார்கள். ஆலோசனை சபையை இனி மன்னர் நியமிப்பார். கவர்னர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடக் கூடாது. ஜூரிகளைக் கவர்னர் நியமிக்கும் ஷெரீஃப் பொறுக்குவார். தேயிலை குடிக்காத, துறைமுகத்தையே பார்த்திராத உள்நாட்டு விவசாயிக்கும் இப்போது வலித்தது. கடன் வழக்கில் அவன் நிலத்தைப் பறிக்கும் நீதிமன்றம், இனி அவனுக்கு எந்தப் பிடியும் இல்லாத ஆட்களின் கையில். வூஸ்டர் வீதியில் 4,600 பேர் நின்றது அதனால்தான்.

அந்த வாரமே ஃபிலடெல்ஃபியாவில் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் காங்கிரஸ் என்ற பொதுச் சபையாக முதல் முறை கூடினார்கள். ஜார்ஜியா மட்டும் வரவில்லை. பிரிட்டிஷ் சரக்குப் புறக்கணிப்பை நடத்த ஒவ்வொரு ஊரிலும் குழு அமைக்கச் சொன்னார்கள். யார் தேநீர் குடிக்கிறான், யார் துணி வாங்குகிறான் என்று அக்கம்பக்கத்தை வேவு பார்த்த குழுக்கள் அவை. மாற்றுக் கருத்துக்காரர்களைத் தாரில் முக்கி இறகு ஒட்டி ஊர்வலம் விட்டதும் உண்டு. அழகான காட்சி அல்ல. ஆனால் சத்தமில்லாமல் அந்தக் குழுக்கள் உள்ளூர் அரசாங்கமாகவே மாறிவிட்டன.

போரில் ஜெயித்தது எப்படி?

1775 ஏப்ரல் 19-ல் ஆயுதக் கிடங்கைப் பறிமுதல் செய்ய லெக்சிங்டன் வழியாகக் கான்கார்டுக்குப் போன சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள், திரும்பும் வழியெல்லாம் சுடப்பட்டார்கள். அப்போதும் பலருக்குப் பிரிந்துபோகும் எண்ணம் இல்லை. ஜூலையில் மன்னருக்கு சமாதான மனு அனுப்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, ஆகஸ்டில் இவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்துவிட்டார். 1776 ஜூலை 4-ன் சுதந்திரப் பிரகடனம் நாடாளுமன்றத்தை விட்டுவிட்டு மன்னரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அதன் புகார்ப் பட்டியலில் நீதிபதிகளின் சம்பளமும் இடம் பிடித்திருக்கிறது.

எதிரே இருந்தது உலகின் மிகப்பெரிய கடற்படை. 1776 கோடையில் நியூயார்க்கில் பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஜெர்மன் கூலிப்படையினருமாக 30,000-க்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினார்கள். குடியேறிகளின் படைக்குத் தளபதியான வாஷிங்டன் தோற்ற சண்டைகளே அதிகம். பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, சார்ல்ஸ்டன் எல்லாமே ஏதோ ஒரு சமயம் பிரிட்டன் கையில் இருந்தன. ஐரோப்பாவாக இருந்தால் தலைநகரம் விழுந்ததும் கதை முடிந்திருக்கும். இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கிராமத்தில். காங்கிரஸோ மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். பிரிட்டிஷ் படை நின்ற இடத்தில் மன்னராட்சி, நகர்ந்ததும் பழையபடி ஊர்க்குழு. கடலுக்கு அந்தப்பக்கம் 3,000 மைல் தூரத்திலிருந்து ஓர் உத்தரவு வந்து சேர ஒன்றிரண்டு மாதமாகும். வாஷிங்டன் ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லை, அவருடைய படை கலையாமல் இருந்தால் போதும். அதுவே பெரும்பாடு. ஃபோர்ஜ் பள்ளத்தாக்கு முகாமில் 1777-78 குளிர்காலத்தில் சுமார் 2,000 பேர் நோயில் மடிந்தார்கள். காங்கிரஸ் அச்சடித்த டாலர் செல்லாக்காசாகிவிட்டது.

திருப்பம் 1777 அக்டோபரில் வந்தது. கனடாவிலிருந்து இறங்கி வந்த பிரிட்டிஷ் ஜெனரல் பர்கோயின், நியூயார்க்கிலிருந்து ஜெனரல் ஹாவ் வந்து சேருவார் என்று நம்பினார். ஹாவ் ஃபிலடெல்ஃபியாவைப் பிடிக்கப் போய்விட்டார். சரடோகாவில் பர்கோயின் சுமார் 5,800 பேருடன் சரணடைந்தார். அமெரிக்கர்கள் அங்கே சுட்ட வெடிமருந்தில் பெரும்பகுதி பிரெஞ்சுச் சரக்கு. போமார்ஷே என்ற நாடக ஆசிரியர் போலிக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி ரகசியமாக அனுப்பியது. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் வெளிப்படையாகவே கைகோத்தது. அடுத்து ஸ்பெயின், பிறகு டச்சுக்காரர்களுடனும் சண்டை. ஒரு குடியேற்றக் கலவரம் உலகப் போராகிவிட்டது.

அந்தப் போர் நம் ஊர் வரை வந்தது. பிரான்ஸ் எதிரியானதும் கம்பெனிப் படை 1778-ல் புதுச்சேரியையும் 1779-ல் மாஹேவையும் பிடித்தது. மாஹே வழியாகத்தான் ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. 1780-ல் ஹைதர், அப்போது கர்நாடகம் எனப்பட்ட ஆற்காடு நவாபின் தமிழ்ப் பகுதியில் இறங்கி, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையை நசுக்கினார். 1782-ல் பென்சில்வேனியாக்காரர்கள் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஹைதர் அலி என்றே பெயர் வைத்தார்கள். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். 13-ம் தேதி நிலத்தில் ரத்தக்களரி, 20-ம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்தது: ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சண்டை நிறுத்தத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன போரில் செத்திருக்கிறார்கள் கடலூர் மணலில் கிடந்தவர்கள்.

கையெழுத்துக்குக் காரணம் யார்க்டவுன். தெற்கே அலைந்து படை தேய்ந்துபோன பிரிட்டிஷ் ஜெனரல் கார்ன்வாலிஸ், கடற்படை வரும் என்று வர்ஜீனியாவின் அந்தத் துறைமுகத்தில் உட்கார்ந்தார். வந்தது பிரெஞ்சுக் கடற்படை. 1781 செப்டம்பர் 5-ல் பிரெஞ்சுத் தளபதி டி கிராஸின் 24 பெரிய போர்க்கப்பல்கள், பிரிட்டனின் 19 கப்பல்களைச் செசபீக் விரிகுடா வாயிலிலிருந்து விரட்டின. நிலத்தில் முற்றுகையிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரும் பிரெஞ்சுக்காரர்களே. அக்டோபர் 19-ல் 7,000-க்கும் மேற்பட்டோர் சரணடைந்தபோது, உடம்பு சரியில்லை என்று கார்ன்வாலிஸ் வெளியே வரவில்லை, வாளைத் துணைத் தளபதியிடம் கொடுத்தனுப்பினார். இதே கார்ன்வாலிஸ்தான் 1786-ல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் திப்புவிடமிருந்து சேலம், திண்டுக்கல் பகுதிகளைப் பறித்தவர்.

1783 செப்டம்பர் 3-ல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. மிசிசிப்பி வரையிலான நிலம் அமெரிக்காவுக்கு என்று எழுதினார்கள். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை ஒருவரும் கேட்கவில்லை. மன்னர் பக்கம் நின்ற சுமார் 60,000 பேர் வீடுவாசலை விட்டுக் கப்பல் ஏறினார்கள். பிரிட்டன் தந்த விடுதலை வாக்கை நம்பி எஜமானர்களிடமிருந்து ஓடிவந்த கறுப்பின மக்களில் சுமார் 3,000 பேரின் பெயர்களை நியூயார்க்கில் ஒரு பேரேட்டில் எழுதிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். அதில் ஹாரி வாஷிங்டன் என்றொரு பெயர் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து ஓடியவர். ஓடிவந்தவர்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வாஷிங்டன் நேரிலேயே கேட்டார். பிரிட்டிஷ் தளபதி கார்ல்டன் மறுத்துவிட்டார்.

வூஸ்டருக்குத் திரும்புவோம். போருக்குப் பிறகு மாசசூசெட்ஸ் பேரவை போர்க்கடனை அடைக்கக் கடும் வரி போட்டது. வெள்ளியாகவும் தங்கமாகவும் கட்டச் சொன்னது. கட்ட முடியாத விவசாயிகள் மீது வழக்குகள் குவிந்தன. அவர்களில் பலர் போரில் சண்டையிட்டவர்கள், சம்பள பாக்கி இன்னும் வரவில்லை. 1786 செப்டம்பர் 5 அன்று வூஸ்டர் நீதிமன்ற வாசலை ஆயுதங்களோடு வந்து மறித்தார்கள். எதிரே வந்த நீதிபதி ஆர்ட்டிமஸ் வார்டு, 1775-ல் பாஸ்டனைச் சுற்றி வளைத்த ஊர்ப்படைக்குத் தலைமை தாங்கியவர். துப்பாக்கி முனை ஈட்டிகளுக்கு முன்னால் நின்று வெகுநேரம் பேசினார். யாரும் நகரவில்லை. பாஸ்டன் எதிர்ப்பின் மூளையாக இருந்த சாமுவேல் ஆடம்ஸ் இந்த முறை அரசாங்கத்தின் பக்கம். மன்னருக்கு எதிரான கலகத்தை மன்னிக்கலாம், குடியரசுக்கு எதிராக எழுபவனுக்கு மரணம்தான் என்றார். வூஸ்டர் நீதிமன்றம் அன்றும் கூடவில்லை, ஒத்திவைத்துவிட்டுப் போனார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்த அந்த நாளிலிருந்து 12 வருடத்துக்கு ஒரு நாள் குறைவு.